நாற்பது மீட்டர்

ஆடிக்காற்றுக்கு எதிரே
ராதாபுரம் சாலையில் ரோலர் ஸ்கீ ஓட்டினால்
சமதரையும் ஏற்றம்தான்.
காற்றாலைகள் எல்லாம் எதிர்க்கட்சி.
வள்ளியூர் பஸ் பின்னாலேயே வந்து
ஹாரன் அடிக்காமல் உருள்கிறது.
டிரைவருக்கு என் பெயர் தெரியும்,
தொழில்தான் இன்னும் பிடிபடவில்லை.
"ஏ பிள்ள சொர்ணக்கனி,
ரெண்டு கையிலயும் கம்பு எதுக்கு, நாய்க்கா?"
நாய்க்கும்தான் என்றேன்.

எல்லைப் படையில் ஓட்டத்தில் தேறினேன்.
மலையில் போட்டார்கள்.
காலில் இரண்டு நீளக் கட்டையை மாட்டி
ஏட்டு நேகி ஒரே ஒரு பாடம் சொன்னார்:
விழு.
முதல் பனி உப்பு மாதிரி இருந்ததா என்று
ஊர்ப் பத்திரிகைக்காரர் கேட்டார்.
இல்லை. உப்பு எடுத்த எடுப்பில் கடிக்கும்.
இது கொஞ்சிவிட்டுக் கடிக்கும்.
அவர் உப்பு என்றே எழுதினார்.
படத்தில் வேறு யாரோ ஒருத்தி.

அந்த வெளிநாட்டுப் பந்தயம் பத்து கிலோமீட்டர்.
அரை நிமிடத்துக்கு ஒருத்தி புறப்பட வேண்டும்.
நான் முப்பத்தைந்து, அவள் ஐம்பத்தொன்று.
நார்வேக்காரி, பெயர் ராக்ன்ஹில்டு.
(என் பெயரை ஒலிபெருக்கி கடித்துத் துப்பியது,
அவள் பெயரை நான். கணக்கு சரி.)
அவள் கட்டைக்கு மெழுகு தேய்க்க
ஆறு பேரும் ஒரு லாரியும்.
எனக்கு நேகியும்
பிடி உடைந்த ஓர் இஸ்திரிப் பெட்டியும்.

ஐந்தாவது கிலோமீட்டரில்
முதுகுக்குப் பின்னால் ஒரு சொல்:
"லோய்ப்பெ!"
அகராதி வேண்டியிருக்கவில்லை.
நம்மூர் கல்யாண வீட்டுப் பந்தியில்
சாம்பார் வாளியோடு வருகிறவன்
போடுகிற அதே சத்தம்.
தடத்தை விட்டு விலகினேன்.
கடந்தாள்.
உதட்டோரம் எச்சில் உறைந்து தொங்கியது.
மூச்சு, நம்புங்கள்,
என் மூச்சைவிட மோசம்.
அவள் விட்டுப்போன தடத்தில் கட்டையை வைத்து
அதே தாளத்தில் தள்ளினேன்.
நாற்பது மீட்டர்.
அப்புறம் ஏற்றம் வந்தது, அவள் இல்லை.

அறுபத்தெட்டுப் பேரில் அறுபத்தேழாவது நான்.
அறுபத்தெட்டாவது பெண்
கம்பு முறிந்து பாதியில் நின்றுவிட்டாள்.

அன்று அவள்
வென்றிருப்பாள் என்றுதான் நினைத்தேன்.
முகாமுக்குத் திரும்பி
சிக்னல் கிடைத்த இரவில் தேடிப் பார்த்தால்
இருபத்தொன்பதாவது.
மூன்று வயதில் கட்டை மாட்டியவள்.
இருபத்திரண்டில் முதல் வெற்றி,
ரிலேயில் கடைசி ஆளாக ஓடி
விட்டுப்போன முப்பது விநாடியை மீட்டவள்.
பிறகு முழங்காலில் கத்தி, பிறகு பிள்ளை,
பதினோராம் மாதம் மறுபடி தடத்தில்.
நான் பார்த்தது அவளுடைய கடைசிப் பருவம்.
அவள் நாட்டுக்காரர்கள்
மெதுவாகிவிட்டாள் என்று எழுதியிருந்தார்கள்.
மெதுவாம்!
எனக்குக் கோபம் வந்தது.
யார் பெற்ற பெண்ணுக்காகவோ
நள்ளிரவில், கம்பளிக்குள்.

விலகிய செய்தி ஆறு வரி.
ஏழாவது வரி நான் எழுதியிருப்பேன்:
எச்சில் உறைந்திருந்தது, மூச்சு மோசம்,
வழி கேட்டாள், கொடுத்தேன்.

எனக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது
என்கிறார் நேகி.
முட்டி ஒரு வருடம் என்கிறது.
லீவு முடிய ஒன்பது நாள்.

வளைவில் ஒரு செம்மறிக் கூட்டம்.
"லோய்ப்பெ!" என்று கத்திப் பார்த்தேன்.
ஒரு கிடா மட்டும் தலை தூக்கி
மறுபடி மேய்ந்தது.
ஆட்டுக்காரர்தான் விலகினார், பயந்து.

பஸ் பொறுமை இழந்து கடைசியில் ஹாரன் அடித்தது.
ஓரம் கொடுத்தேன்.
அது கடந்ததும்
அதன் முதுகு மறைவில் புகுந்துகொண்டேன்.
காற்றே இல்லை. தள்ளினேன், தள்ளினேன்,
முகமெல்லாம் டீசல் புகை,
பின்சீட்டில் ஒரு பள்ளிக்கூடப் பெண்
கண்ணாடியில் மூக்கை நசுக்கிப் பார்த்தபடி.

எத்தனை மீட்டர் என்று எண்ணவில்லை.
டிரைவர் கியர் மாற்றினார்.
காற்று திரும்ப வந்து நெஞ்சில் கை வைத்தது.
மைல்கல்லில்
ராதாபுரம் 6.